அருவாமனைக்கு ஒருவழியாகக் கூர் ஏறியது

எங்கள் வீட்டு அருவாமனை ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீரான கூர். பழுத்த தக்காளியை அழுத்தவே வேண்டாம், வைத்ததும் தோல் பிளக்கிறது. காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த சங்கரா மீனின் செதிலையும் துடுப்பையும் அம்மா எடுத்த வேகத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. கத்தி தீட்டும் மடக்கு வைரத் தகடு கைக்கு வந்ததும் சமையலறைக் கத்திகள் எல்லாம் சுலபமாகப் படிந்துவிட்டன. இது ஒன்றுதான் அடம் பிடித்தது. அதனால் அருவாமனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கோணம் பிடிப்பது, பிசிர் (தீட்டும்போது விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு இழை) பார்ப்பது எல்லாம் உங்களுக்குப் பழகியதுதான்.

என்னிடம் இருப்பது இரண்டு பக்கத் தகடு. ஒரு பக்கம் 325 மெஷ், மறுபக்கம் 600 (எண் கூடக்கூடத் துகள் நைசு). துகளின் அளவை மைக்ரானில் சொன்னால் சுமார் 45, 25. எஃகுத் தகட்டின் மேல் நிக்கல் முலாம், அந்த முலாமில் பதிந்த வைரத் துகள். எண்ணெய் தேவையில்லை, இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும். புதுத் தகடு ஆரம்பத்தில் தன் மெஷ்ஷுக்கு மீறிக் கரடாக வெட்டும், கொஞ்சம் பழகிய பிறகே நிதானத்துக்கு வரும். அதனால் நல்ல கத்தியில் ஆரம்பிக்காதீர்கள். அழுத்தவும் வேண்டாம். அழுத்தினால் நிக்கலிலிருந்து வைரத் துகள்தான் பெயர்ந்து வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அருவாமனையின் வெட்டும் விளிம்பு உள்வளைவு. தகடோ தட்டை. எங்கள் அருவாமனையின் வளைவு ஏறக்குறைய 15 செ.மீ. ஆரம். அதன் குறுக்கே 2.5 செ.மீ. அகலத் தகட்டை வைத்தால் தகட்டின் நடுவில் அரை மி.மீ. இடைவெளி விழும். தகட்டை 20 டிகிரி சாய்த்துப் பிடிக்கும்போது அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. அதாவது தகட்டின் நடுப்பகுதி இரும்பைத் தொடுவதே இல்லை. இரண்டு ஓரங்கள் மட்டும்தான் வேலை செய்கின்றன.

இதை உறுதி செய்துகொள்ள விளிம்பு முழுக்கக் கறுப்பு மார்க்கரைப் பூசி, தகட்டை நகர்த்தாமல் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு மெல்லிய கோடுகளில் மட்டும் கறுப்பு போயிருந்தது, நடுவில் அப்படியே இருந்தது. சரி, நகர்த்திக்கொண்டே தேய்த்தால் எல்லா இடத்திலும் படுமே என்று நினைப்போம். படும்தான். ஆனால் படுவது தகட்டின் ஓரம். அது சீவாமல் கீறுகிறது. விளிம்பு அலை அலையாகிறது, தகட்டின் ஓரத்து வைரமும் சீக்கிரம் தேய்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தகடாக இருந்தாலும் இதே கதைதான்.

வழி திறந்தது பேனா வடிவ வைரக் கம்பியால். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் அரைவட்டம், தூண்டில் முள் தீட்டுவதற்கு நீளமாக ஒரு பள்ளம். அரைவட்டப் பக்கத்தை வளைவுக்குள் கொடுத்தால் ஒவ்வொரு நொடியும் ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும். ஓரம் கீறுவதற்கு அங்கே ஓரமே இல்லை. அடியில் தொடங்கி நுனிவரை ஒரே இழுப்பாகக் கொண்டுபோக வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் பள்ளம் விழும்.

கத்தி தீட்டும்போது கத்தியை நகர்த்துவோம், இங்கே கம்பியைத்தான் நகர்த்த வேண்டும். அதனால் மனைப்பலகை அசையவே கூடாது. மேசை ஓரத்தில் வைத்து சி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டேன். அப்புறம், வழக்கமாக உட்காரும் பக்கத்தில் உட்காராதீர்கள். எதிர்ப்பக்கம் போங்கள், அலகின் முதுகு உங்களைப் பார்த்து இருக்கட்டும். கம்பியை விளிம்பிலிருந்து முதுகை நோக்கி, அதாவது உங்களை நோக்கி, இழுங்கள். கை வழுக்கினாலும் கூர்ப்பக்கம் போகாது. “டேய், விரலு பத்திரம்டா” என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதும் இதனால் குறைந்தது.

இப்படி இழுத்தால் பிசிர் அதிகம் வரும், அதுதான் இந்த முறையின் தொல்லை. தட்டைத் தோலில் தேய்த்து எடுக்கலாம் என்றால் மறுபடியும் அதே வளைவுப் பிரச்சினை. பெரியமேட்டில் வாங்கிய தோல் துண்டை அரை அங்குல பிவிசி குழாயில் சுற்றி ஒட்டி, பாத்திரப் பாலிஷ் பட்டறைகளில் பயன்படுத்தும் பச்சைக் கட்டியை, அதாவது குரோமியம் ஆக்ஸைடை, அதன்மேல் தேய்த்துக்கொண்டேன். அதற்கு முன் 600 அளவுக் கம்பியால் கை கனமே இல்லாமல் இடது வலது என்று மாற்றி மாற்றி ஒவ்வொரு இழுப்பு. பிசிரில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும். மீதியைத் தோல் பார்த்துக்கொள்ளும். பிசிர் போய்விட்டதா என்று பார்க்கப் பழைய பனியன் துணியை விளிம்பில் மெல்ல இழுப்பேன். நூல் மாட்டினால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த அலகின் அடிப்பக்கம் மட்டும் சீக்கிரம் மழுங்கும். முன்பு ஒருமுறை சாணைச் சக்கரத்துக்குப் போய் வந்தபோது அங்கே நீலம் பாய்ந்திருந்தது. எஃகு சுமார் 300 டிகிரி தொட்டால்தான் அந்த நிறம் வரும். அதற்குள் அந்த இடத்தின் கடினம் குறைந்துபோயிருக்கும். கையால் தீட்டினால் அந்தச் சூட்டுக்கு வாய்ப்பே கிடையாது. வைரத்துக்கும் அது நல்லது. அதிவேகச் சக்கரத்தின் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்புக்குள் கரையத் தொடங்கிவிடும், அதனால்தான் எஃகு அரைக்கும் மெஷின் சக்கரங்களில் பெரும்பாலும் வைரத்தைப் போடுவதில்லை.

கம்பி தேடிய கதையையும் சொல்லிவிடுகிறேன். லிங்கிச் செட்டி தெருவில் “அண்ணே, டைமண்ட் ராடு இருக்கா, கத்தி தீட்டுறதுக்கு?” என்று கேட்டால், “ஃபைல் செட் இருக்கு சார். மார்பிள் வேலைக்கா?” என்றுதான் கேட்டார்கள். கடைசியில் ஆன்லைனில் வாங்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்த ஊசி ஃபைல் செட்டையும் வாங்கி வந்தேன், வருத்தமில்லை. அதில் உள்ள அரைவட்ட ஃபைல் விளிம்பில் இருக்கும் சின்ன உடைசல்களைச் சமன் செய்ய அருமையானது. கொஞ்சம் கரடு, அதனால் கூர் ஏற்றும் வேலைக்கு அதை நம்பாதீர்கள்.

ராயபுரத்துக் கடல் காற்றில் இரும்பலகு ஒரே ராத்திரியில் பழுப்பேறும். தீட்டி முடித்ததும் துடைத்து, மெல்லத் தேங்காய் எண்ணெய் பூசிவிடுகிறேன். வைரக் கம்பியைச் சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் போட்டுக் கழுவிக் காயவைப்பேன். இடுக்கில் இரும்புத் தூள் அடைத்திருந்தால் தேய்ந்துபோனது போலவே இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உச்சியில் இருக்கும் தேங்காய்த் துருவிப் பற்களை இன்னும் தொடவில்லை. கம்பியின் மெல்லிய முனை ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் போகும் என்று தெரிகிறது. உட்பக்கம் மட்டும் தீட்டினால் போதுமா என்று ஓரத்துப் பல் ஒன்றில் முதலில் பார்ப்பேன். அதற்குள் எம்.சி. ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் அத்தை பெரிய கத்தரிக்கோலைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதில் வெளிச் சாய்வை மட்டும்தான் தீட்ட வேண்டும். இரண்டு அலகும் உரசும் உட்பக்கத்தில் கை வைத்தால் துணி வெட்டாது, மடங்கும். சாய்வும் கத்தியைப் போல இல்லை, ரொம்பச் செங்குத்து. மார்க்கர் பூசியாயிற்று, 600 தகடு தயார். இரண்டு அலகையும் சேர்க்கும் மரைதான் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.