மேசை என்று காதில் விழுந்தது

மாட்ரிட்டில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, பணி மாற்றத்தால் ஏதென்ஸுக்குக் குடிபெயர்ந்தோம். வந்த முதல் வாரத்தில், கிப்செலிப் பகுதியில் ஓர் உணவகத்தின் வாசலில் நின்றபோது, பரிமாறுபவர் எங்களைப் பார்த்து "மேஸா?" என்று கேட்டார். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மேசை என்று பொருள். போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த 'மேசை'யும் அதன் உடன்பிறப்புதான். மேசை வேண்டுமா என்று கேட்கிறார் என எண்ணி, ஆமென்று தலையசைத்தேன். அவர் எங்களை உள்ளே அழைத்துச் சென்று, சுவரோரத்தில் உட்கார வைத்தார். வெளியே மரநிழலில் அமரவே நாங்கள் வந்திருந்தோம். கிரேக்கத்தில் 'மேஸா' என்றால் 'உள்ளே' என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதன்பின் இப்படிப் பல சொற்கள் வந்தன. பக்கத்து வீட்டு அம்மையார் காலையில் "ஓலா கலா?" என்று கேட்கும்போதெல்லாம், ஸ்பானியரின் வணக்கச் சொல்லான 'ஓலா' என் காதில் ஒலிக்கும், அவர் கேட்டதோ 'எல்லாம் நலமா' என்பது. ஸ்பெயினில் 'பீஸோ' நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீடு. இங்கே அதே ஒலிக்குப் 'பின்னால்' என்று பொருள். மெட்ரோவில் கண்ணை மூடி அமர்ந்திருந்தால், சுற்றிலும் ஸ்பானியர்களே பேசுவதாகத் தோன்றும். ஒரு சொல்லும் புரியாதபோதும், தெரிந்தவர்கள் அடுத்த அறையில் பேசிக்கொண்டிருப்பது போன்ற ஆறுதல் அதில் இருந்தது. புதிய ஊரின் தொடக்க மாதங்களில் அந்த ஆறுதல் எனக்கு மிகவும் தேவைப்பட்டது.

காரணத்தைத் தேடியபோது, காது ஏமாறவில்லை என்று புரிந்தது. இரு மொழிகளிலும் உயிரொலிகள் ஐந்தே. நம்முடையவை போல் குறில், நெடில் என்று அவை பொருளை மாற்றுவதில்லை. ப, த, க ஆகியவற்றை ஆங்கிலேயர் போல் மூச்சைத் தள்ளிச் சொல்லும் பழக்கம் இரண்டிலும் இல்லை. அழுத்தம் பெரும்பாலும் கடைசி மூன்று அசைகளுள் ஒன்றில் விழுகிறது. நாக்கின் நுனி மேற்பல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்க, காற்று உரசிச் செல்லும் ஒலி ஒன்று உண்டு. கிரேக்கரின் தீட்டா எழுத்துக்கும், மாட்ரிட்காரர்கள் 'ஐந்து' என்பதற்குச் சொல்லும் சொல்லின் முதல் எழுத்துக்கும் அந்த ஒலியே உரியது. தொண்டையை உரசி எழும் ஹகரமும் அவ்வாறே இரண்டிலும் இருக்கிறது. இவற்றோடு, ஸகர ஒலியில் முடியும் சொற்கள் இரு மொழிகளிலும் ஏராளம். எழுத்தில் மட்டும் இந்த ஒற்றுமை எனக்கு உதவவில்லை. இகர ஒலி ஒன்றையே கிரேக்கர்கள் ஐந்துக்கும் மேற்பட்ட விதங்களில் எழுதுகிறார்கள்.

வட கிரேக்க நகரமான தெசலோனிக்கிக்குச் சென்றிருந்தபோது, ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் வாங்கியிருக்குமோ என்ற எண்ணம் வலுத்தது. 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள் அந்நகரில் பெருந்தொகையாகக் குடியேறினார்கள். 1943இல் நாஜிகள் அவர்களின் வழித்தோன்றல்களை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றழிக்கும்வரை, ஸ்பானியத்தின் ஒரு பழைய வடிவம் அங்கே தெருப் பேச்சாக வாழ்ந்தது. ஆனால் அவர்கள் கொண்டுவந்த ஸ்பானியத்தில், நான் குறிப்பிட்ட அந்த இரண்டு உரசொலிகளும் இல்லை. இன்று தொண்டையிலிருந்து வரும் ஹகரம் அன்று 'ஷ' என்றே ஒலித்தது. அவர்கள் வெளியேறிய பிறகுதான் ஸ்பெயினில் அது மாறியது. கிரேக்கத்திலோ, பண்டைக் காலத்தில் மூச்சோடு சொல்லப்பட்ட வல்லொலிகள், கிறிஸ்து பிறந்த பின் வந்த முதல் சில நூற்றாண்டுகளிலேயே உரசொலிகளாகிவிட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில், ஒன்றையொன்று பாராமல், இரண்டும் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கடன் வாங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வியப்பு ஏற்பட்டிருக்காது. (கடன் வேறு வகையில் உண்டு: மாட்ரிட் இளைஞர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் 'தீயோ', மாமாவையும் சித்தப்பாவையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது.)

கிரேக்க வகுப்பில் சேர்ந்தபோது, நான் ஸ்பெயினிலிருந்து வந்தவளா என்று ஆசிரியை கேட்டார். ஸ்பானியம் என் நாவில் படிந்திருந்தது உண்மையே. ஆனால் அதற்கு அடியில் தமிழ் இருந்தது. ஸ்பானியர்கள் 'நாடா' (ஒன்றுமில்லை) என்பதில் டகரத்தைச் சொல்வது நாம் 'அது' என்பதில் தகரத்தை மெலிதாக உரசிச் சொல்வதற்கு மிக நெருக்கமானது. கிரேக்கத்தின் டெல்டாவும் அதே ஒலி. ஐந்து என்பதைக் கிரேக்கர்கள் 'பென்ட்டே' என்று எழுதி, 'பெந்தே' என்று, பந்தில் வரும் 'ந்து' போல் மெலிதாக்கிச் சொல்கிறார்கள். மெல்லினத்தின் பின் வல்லினம் மெலியும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் ஒவ்வொருவரின் ஊர்ப்பெயரையும் ஆசிரியை பலகையில் கிரேக்க எழுத்துகளில் எழுதிக்காட்டினார். நான் 'கும்பகோணம்' என்றேன். கிரேக்கத்தில் 'கும்ப' என்பதில் வரும் மென்மையான பகர ஒலிக்கு (ஆங்கில b) தனி எழுத்து இல்லை. பீட்டா இப்போது வகரமாக ஒலிக்கிறது. ஆகவே அவர் முதலில் மகரத்தை எழுதி, அதன் அருகே பை என்னும் பகர எழுத்தை எழுதினார். நம் வீட்டில் 'ம்ப' என்று எழுதுவதைப் போலவே, எழுத்துக்கு எழுத்து, அது பலகையில் இருந்தது.