கலிபோர்னியா போட்ட பூட்டு

இணைய இணைப்பு தரும் கம்பெனிகள் எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதுதான் இணையச் சமநிலை விதி. அமெரிக்காவில் அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2015-இல் தொலைத்தொடர்பைக் கவனிக்கும் மத்திய ஆணையமான எஃப்சிசி கொண்டுவந்தது. ஆட்சி மாறியதும் 2017 டிசம்பரில் அதே எஃப்சிசி தூக்கிப் போட்டது. 2024-இல் மறுபடி வந்தது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

இந்தக் கூத்துக்கு நடுவில் அசையாமல் நிற்பது கலிபோர்னியா தனக்கென்று போட்ட இணையச் சமநிலைச் சட்டம். 2018 செப்டம்பர் 30 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே மத்திய அரசு வழக்குப் போட்டது! பைடன் வந்ததும் அரசு வழக்கை வாபஸ் வாங்கியது, இணைய இணைப்பு தரும் கம்பெனிகள் விடவில்லை. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மாநிலத்தின் பக்கமே நின்றது. எனக்கு அதிகாரம் இல்லை என்று எஃப்சிசி தானே கைகழுவிய விஷயத்தில், மாநிலம் தலையிடக் கூடாது என்று எப்படித் தடுக்க முடியும்? தீர்ப்பின் சாரம் இதுதான். படித்தபோது சிரிப்பு வந்தது.

எனக்குப் பிடித்தது இன்னொரு பகுதி. ஒரு வீடியோ கம்பெனி, இணைப்பு தரும் கம்பெனிக்குக் காசு கொடுத்தால் அதன் வீடியோ மட்டும் உங்கள் டேட்டாவில் கழியாது என்ற சலுகையையும் இந்தச் சட்டம் தடுக்கிறது. வாடிக்கையாளருக்கு இலவசம்தானே என்று தோன்றும். ஆனால் காசில்லாத சின்னக் கம்பெனி என்ன செய்யும்? இந்தச் சட்டத்தால் 2021-இல் ஏடி அண்ட் டி என்ற தொலைத்தொடர்பு கம்பெனி தன் இப்படிப்பட்ட திட்டத்தை அமெரிக்கா முழுக்கவே நிறுத்தியது. இணையத்துக்கு மாநில எல்லை தெரியாதே!

நம் ஊரில் மாநிலம் இப்படிச் செய்வது கஷ்டம். தொலைத்தொடர்பு, மத்திய அரசு மட்டுமே சட்டம் போடக்கூடிய ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது.