ஓரடிக்கு ஓரங்குலம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் பள்ளியில் 1968இல் படித்தவர்களுக்கு அந்த விமான மாதிரி நினைவிருக்கும். விஞ்ஞானக் கூடத்தின் பின்சுவர் ஓரமாக இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் நின்றது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆறடி நாலரை அங்குலம். அதைச் செய்த நான்கு பேரில் நானும் ஒருவன். இப்போது பெர்த்தில் என் வீட்டுக் கார் கொட்டகையில் அதே விமானத்தை அதே அளவில் மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எதை எழுதுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

விமானத்தின் பெயர் ட்வின் பயனியர். ஸ்காட்லாந்தில் செய்தது. இரண்டு என்ஜின், உயரத்தில் பொருத்திய இறக்கை, வாலில் மூன்று துடுப்பு. 1958 ஏப்ரலில் நம் நாட்டு விமானப்படைக்கு வந்த முதல் விமானமே அதுதான். அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு 'லாங் ராஜாவாலி' என்று பெயர் சூட்டினார். இறக்கையின் முன்விளிம்பில் திறக்கும் பட்டைகளும் பின்விளிம்பில் நீண்டு இறங்கும் மடல்களும் இருந்ததால், மெதுவாகப் பறந்து மிகக் குட்டையான ஓடுபாதையில் இறங்க முடியும். காட்டுக்குள் இருந்த கோட்டைகளுக்குச் சாமான் கொண்டுபோக அப்படி ஒன்றுதான் தேவைப்பட்டது. 1948 ஜூனில், கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியதே நம் ஊர்த் தோட்டங்களில் நடந்த கொலைகளால்தான். எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பெரியவர்கள் யாரும் அந்த நாள்களைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். நாங்கள் பையன்கள் அருகிலிருந்த லாசா பக்கம் மலையை நோக்கிப் போகும் விமானத்தின் சத்தத்தை மட்டும் கேட்டு வளர்ந்தோம்.

கைத்தொழில் வாத்தியார்தான் தொடங்கி வைத்தார். ஒரு விமான இதழில் வந்த, மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் காட்டும் மும்முகப் படம் அவரிடம் இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. அதில் கட்டம் போட்டு, சிமெண்டுப் பைக் காகிதங்களை ஒட்டி அதிலும் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கினோம். உண்மையான விமானம் 76 அடி 6 அங்குல இறக்கையும் 45 அடி 3 அங்குல நீளமும் கொண்டது. ஓரடிக்கு ஓரங்குலம் என்று சார் முடிவு செய்தார். கணக்கு சுலபம் என்பதோடு, அந்த அளவில் ஆணித் தலை கூடக் கண்ணுக்குத் தெரியும் என்பதும் காரணம்.

அவர் ஒரே ஒரு விதி வைத்தார். "பார்த்ததை மட்டும் செய்யுங்க. பார்க்காததை மனசுல நினைச்சுக்கிட்டுச் செய்யாதீங்க." அதற்காகச் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி ஈப்போ விமானத் தளத்துக்குப் போவோம். வேலிக்கு வெளியே நோட்டுப் புத்தகத்தோடு நிற்போம். விமானம் வந்து நிற்காத வாரங்கள்தான் அதிகம்.

கடையில் வாங்கிய சாமான் மிகக் குறைவு. சட்டத்துக்கு ஜெலுத்தோங் மரம், பட்டறையில் சும்மா கொடுத்த துண்டுகள். பென்சில் செய்கிற மரம் அது. மென்மையாக, நேர் இழையாக இருக்கும், கத்திக்கு அடங்கும். பால்சா மரம் வைத்துச் செய்தவர்கள் என்னிடம் ஆயிரம் சொல்லட்டும், செதுக்குவதற்கு ஜெலுத்தோங்கை மிஞ்சிய மரத்தை நான் இன்னும் தொடவில்லை. குறுக்குத் தட்டிகளுக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. வெளித் தோலுக்கு வெட்டித் தட்டி நிமிர்த்திய பால் டின். ஜன்னலுக்கு எக்ஸ்ரே ஃபிலிம். தோட்டத்து மருத்துவமனை டிரசர் பழைய ஃபிலிம்களைக் கொடுத்தார். சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு கழன்று, இலேசான நீலம் ஓடிய கண்ணாடித் தாள் கிடைக்கும்.

ஆணி வரிசைகளுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. தையற்கடைக்காரர் துணியில் புள்ளி வைக்கும் பற்சக்கரத்தை இரவல் வாங்கி, டின் தகட்டின் பின்பக்கம் அழுத்தி உருட்டினால் முன்பக்கம் சின்னச் சின்ன முகப்பரு போல ஆணித் தலைகள் எழும். கை ஒரே அழுத்தத்தில் போக வேண்டும். பள்ளிக் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவசரத்தில் இடது என்ஜின் கூட்டின் தகட்டை நான் மறுபக்கம் திருப்பி உருட்டிவிட்டேன். ஆணிகள் எல்லாம் குழிகளாகப் போய்விட்டன. பெயிண்ட் அடித்தால் தெரியாது என்றேன். சார் கோபப்படவில்லை. தகட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வேறு டின் தேடச் சொன்னார். அன்று இரவு லயத்து வாசலில் உட்கார்ந்து புதுத் தகடு வெட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

என்ஜினைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆல்விஸ் லியோனைடிஸ் என்ற நட்சத்திர வடிவ என்ஜின், ஒன்றுக்கு 9 சிலிண்டர். ஏன் ஒற்றைப்படை என்று கேட்டேன். சார் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கினார். தண்டு இரண்டு முறை சுற்றினால்தான் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும். அதனால் ஒன்று விட்டு ஒன்றாக 1, 3, 5, 7, 9 என்று போய், அப்புறம் நிற்காமல் 2, 4, 6, 8 என்று தொடரும். இரட்டைப்படையாக இருந்தால் இந்தச் சீர் அமையாது. எனக்கு என்ஜினியரிங் படிக்க ஆசை வந்தது அந்த அரைமணி நேரத்தில்தான்.

இரண்டு என்ஜினுக்கும் 18 சிலிண்டர். ஒவ்வொன்றையும் ஜெலுத்தோங்கில் கடைந்து, குளிர்ச்சிக்காக இருக்கும் விளிம்புகளுக்குப் பதிலாகத் தூண்டில் நூலைச் சுற்றினோம். என் சுற்று கோணலாகவே வந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "கொடுடா இப்படி" என்று வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் சுற்றத் தொடங்கினார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலையாள் கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர் மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவிச் சீவிப் பழகிய கை. நூலுக்கு நூல் இடைவெளி மாறவே இல்லை. பதினெட்டில் பதினொன்று அம்மா சுற்றியவை. கண்காட்சி அட்டையில் நாங்கள் நான்கு பேரின் பெயர்தான் இருந்தது. அம்மா பெயரையும் எழுதியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

சக்கரங்களுக்கு, புகைக்கூடத்தில் காய்ந்த ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டி, பெட்ரோலில் கரைத்த ரப்பரையே பசையாக வைத்து அடுக்கினோம். பதப்படுத்தாத ரப்பர் வெயிலுக்கு இளகும். கண்காட்சியின் இரண்டாம் நாள் மதியம் பார்த்தால், பாரம் தாங்காமல் சக்கரம் மேசையோடு அமுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. நாங்கள் பதறிவிட்டோம். சார் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ஈப்போவுல நின்னுச்சே, அது சக்கரம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். இப்படித்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.

பள்ளிக் கட்டடத்தை மாற்றியபோது அந்த விமான மாதிரி எங்கோ போய்விட்டது. நல்ல புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பல வருடம் கழித்து ஊருக்குப் போனபோது, கோலாலம்பூர் சுங்கை பீசியில் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ட்வின் பயனியரைப் பார்த்தேன். வேலியில்லாமல், கை தொடும் தூரத்தில். அடியில் உட்கார்ந்து சக்கரக் காலின் ஆணிகளை எண்ணி எழுதிக்கொண்டேன். எங்கள் பழைய மாதிரியில் ஒரு வரிசை குறைந்திருந்தது.

இப்போது செய்யும் விமானத்தில் தோல் அலுமினியத் தகடு, பற்சக்கரம் மட்டும் அதே வகை. சக்கரத்துக்கு வேண்டும் என்று கேட்டதும் நம் வகுப்புத் தோழர் ஒருவர் சுங்கை சிப்புட்டிலிருந்து ரப்பர் ஷீட் வாங்கி அனுப்பினார். சிலிண்டர்களுக்கு நானே நூல் சுற்றுகிறேன். அம்மா சுற்றியதுபோல வரவில்லை, அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றுகிறேன்.

விமானியின் இருக்கைக்கு இடப்பக்கச் சுவரில் என்ன இருந்தது என்று நாங்கள் நால்வரும் பார்த்ததில்லை. வேலிக்கு வெளியிலிருந்து அது தெரியாது. பழைய மாதிரியில் அந்த இடத்தை வெறும் சாம்பல் பெயிண்டோடு விட்டோம். இதிலும் இதுவரை அப்படியே விட்டிருக்கிறேன். நம் பள்ளியிலிருந்து விமானப்படைக்குப் போனவர்கள் சிலர் உண்டு. அந்த விமானத்துக்குள் ஏறியவர் யாராவது இதைப் படித்தால், சங்கத்து முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். கையால் வரைந்த படமாக இருந்தாலும் போதும்.