பள்ளத்தடிப் பழுப்பு: நாட்குறிப்பு

ஜனவரி 19, 2025
ஜெஃப் ஆஸில் இறந்து இன்றோடு 23 ஆண்டு. இங்கிலாந்துக் கால்பந்து அணியான வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனின் ஃபார்வர்ட். ஹெட் அடிப்பதில், அதாவது பந்தைத் தலையால் முட்டுவதில், பெயர் வாங்கியவர். டிமென்ஷியா வந்து 59 வயதில் போனார். மரண விசாரணையில் 'தொழில்வழி நோய்' என்றே தீர்ப்பு. 2014-ல் கிளாஸ்கோவின் நரம்புநோயியல் மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் அந்த மூளையை மறுபடி பார்த்து சி.டி.இ. என்றார்: தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு வரும் மூளைச்சிதைவு. குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தைப் பற்றி 1928-லேயே அமெரிக்க மருத்துவர் மார்ட்லாண்ட் எழுதினாரே, அந்த வகைச் சிதைவுதான்.

ஜனவரி 22
உயிரோடிருப்பவருக்கு ஸ்கேன் எடுத்து இதை உறுதிசெய்ய முடியாது. இறந்தபின் மூளை இரண்டு வாரமாவது ஃபார்மலினில் ஊற வேண்டும். அவசரப்பட்டால் நடுப்பகுதி அல்வாவாகக் குழையும். கோட்டை விடுவது வெட்டும்போதுதான். மூளையின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக மடிந்திருக்கும்; மேட்டை மட்டும் எடுத்தால் நோய் கண்ணில் படாமலே போகலாம். பள்ளத்தின் அடியும் இருபக்கச் சுவரும் ஒரே துண்டில் வர வேண்டும். மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஏடி8 எதிர்பொருள் போட்டுச் சாயமேற்றினால், கெட்டுப்போன டாவ் புரதம் பழுப்பாகத் தெரியும். பள்ளத்தடியில் சின்ன ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள நரம்பணுக்களில் அந்தப் பழுப்பு இருந்தால் சி.டி.இ.; ஒரே ஓர் இடம் போதும். அல்சைமரிலும் டாவ் கெடும்; ஆனால் அது நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பக்கம் தொடங்கும், அமிலாய்டு என்ற வேறு புரதத்தின் திட்டுகளும் சேர்ந்திருக்கும்.

ஜனவரி 23
ஏன் பள்ளத்தடி? தலை வெடுக்கென்று திரும்பும்போது மூளை முறுகி, இழுவிசை அங்கே குவிகிறது. நரம்பிழைக்குள் நுண்குழாய்களைக் கட்டி வைப்பது டாவ். இழுபட்டால் கழன்று, பாஸ்பேட் ஏறி, சிக்குப் பிடிக்கும். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும், இந்த முறுக்கலை நிறுத்தாது.

பிப்ரவரி 2
ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்கள் 7,676 பேர்: நரம்புச்சிதைவு நோயால் சாவு மற்றவர்களைப் போல் மூன்றரை மடங்கு (2019). 2021-ல் மைதானத்தில் ஆடும் இடவாரியாகப் பார்த்தபோது டிஃபெண்டருக்கு ஆபத்து சுமார் 5 மடங்கு, கோல்கீப்பருக்குக் கூடவில்லை. ஆவணங்களை வைத்துப் போட்ட கணக்கு இது. மூளையைத் திறந்து பார்த்ததல்ல. பாஸ்டனில் பார்த்த என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டக்காரர்கள் 111 பேரில் 110 பேருக்கு சி.டி.இ. (2017) என்பதிலும் ஒரு சங்கதி உண்டு: சந்தேகம் வந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் தருகின்றன.

பிப்ரவரி 5
மயங்கி விழுந்ததை மட்டும் எண்ணுவது பழைய பிழை. அறிகுறியே இல்லாத அடிகளும் சேர்கின்றன. 2021-22 முதல் இங்கிலாந்துப் பயிற்சிகளில் வேகமான ஹெட்டர் வாரத்துக்கு 10 தான்: 35 மீட்டருக்கு மேல் வரும் பாஸ், கிராஸ், கார்னர், ஃப்ரீகிக். கார்னர் பயிற்சி ஒன்றே அதைத் தின்றுவிடும். எண்ணுவதற்கென்று ஓர் ஆள் நிற்காவிட்டால் புதன்கிழமைக்குள் கணக்கு தப்பும்.