விம்மிலிருந்து விஎஸ் கோடுக்கு வந்த கதை

நிரல் எழுத விம் எடிட்டரை விட்டு விஎஸ் கோடு என்ற எடிட்டருக்கு மாறியதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் தமிழ் எழுத்து. எடிட்டர் சண்டைகளில் யாரும் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மதுரை அண்ணாநகரில் ஒரு சின்ன கம்பெனியில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடைகள்தான் எங்களுக்கு முக்கியமான வாடிக்கை. பில்லில் சரக்குப் பெயர் தமிழில்தான் வரவேண்டும் என்பதில் அண்ணாச்சிமார் கறாராக இருப்பார்கள். அது நியாயம்தான். அந்தச் சீட்டை வைத்துத்தான் லோடுமேன் மூட்டையை எடுத்துப் போடுகிறார், ஊரிலிருந்து வந்த சில்லறைக் கடைக்காரர் சரிபார்த்துக்கொள்கிறார். ஆகவே எங்கள் சோதனைக் கோப்புகளைத் திறந்தால் கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கோதுமை என்று தமிழாகவே இருக்கும்.

விம் ஓடுவது டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில். அது எழுத்துகளை ஒரே அளவுக் கட்டங்களில் அடுக்கி வைக்கும் ஏற்பாடு. தமிழ் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. ‘கொ’ என்பது கணினிக்குள் ‘க’ என்ற குறியும் ஒகரக் குறியும் சேர்ந்தது. திரையில் காட்டும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். நான் வைத்திருந்த டெர்மினலில் கொம்பு பக்கத்து எழுத்தின்மேல் ஏறிக்கொள்ளும். கர்சர் ஓரிடத்தில் மின்னும், எழுத்து அழிவது வேறிடத்தில். பெயரில் ஒரு புள்ளியைத் திருத்துவதற்குக்கூட, வரி முழுவதையும் நீக்கிவிட்டு மறுபடி அடிப்பதுதான் சுலபமாக இருந்தது. விஎஸ் கோடில் அதே கோப்பைத் திறந்தபோது, கொண்டைக்கடலை கொண்டைக்கடலையாகவே தெரிந்தது. குரோம் உலாவியில் தமிழைக் காட்டும் அதே குரோமியம் நிரல்தான் அதற்குள்ளும் வேலை செய்கிறது.

இத்தனை வருஷம் ஏன் விம்மில் இருந்தாய் என்று கேட்டால், அதற்கும் காரணம் உண்டு. விம்முக்கு மூலமான விஐ எடிட்டரை 1976 வாக்கில் பெர்க்லியில் எழுதியவர் பில் ஜாய். அவர் வீட்டிலிருந்து, தொலைபேசி வழி இணைக்கும் 300 பாட் வேக மோடத்தில் வேலை பார்த்தவர். அதில் நொடிக்குச் சுமார் 30 எழுத்துதான் வரும். அதனால்தான் விஐயில் பெரும்பாலான கட்டளைகள் ஓரெழுத்து, ஈரெழுத்து. அவர் வைத்திருந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினல் கருவியின் விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் விசைகளின்மேல் அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன. இன்றைக்கும் கர்சரை நகர்த்த அந்த நான்கு விசைகள்தான்.

அந்தச் சிக்கனம் மதுரைக்கு நன்றாகவே பொருந்தியது. 2012-ல் மின்வெட்டு பகலில் பெரும்பொழுதை விழுங்கிக்கொண்டிருந்தது. யுபிஎஸ் தாங்குகிற வரைக்கும் வேலை, டாங்கிளில் வருகிற மெதுவான இணைப்பில் கடை சர்வருக்குள் தொலைவிலிருந்தே நுழைய எஸ்எஸ்எச். இணைப்பு அறுந்தாலும் விம் தன் ஸ்வாப் கோப்பில் திருத்தங்களைச் சேமித்து வைத்திருக்கும், திரும்ப வந்து மீட்டுக்கொள்ளலாம். பிராம் மூலேனார் 1991-ல் விம்மை வெளியிட்டார். 2023-ல் இறக்கும்வரை அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று அந்த எடிட்டரின் முதல் திரையிலேயே ஒரு வரி வரும். அந்த வரியை எழுதிய மனிதர்மேல் எனக்கு இருக்கும் மரியாதை எடிட்டர் மாறியதால் குறையவில்லை.

என்னை மாற்றியது ஒரு பைசா வித்தியாசம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் ஒரே வரியாக இருந்ததை மத்திய வரி, மாநில வரி என்று சரிபாதியாகப் பிரித்தோம். சில கடைகளில் நாள் முடிவில் பில் கூட்டலும் வரிப் பட்டியலும் ஒட்டவில்லை. எங்களோடு வேலை பார்க்கும் மேலூர்த் தம்பி, “அக்கா, என் மெஷினில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன்” என்றான். அவனிடம் விஎஸ் கோடு இருந்தது. நிரலில் ஒரு வரியின் எண்ணுக்கு இடப்பக்கம் சொடுக்கினான், ஓட்டத்தை அங்கே நிறுத்தும் சிவப்புப் புள்ளி விழுந்தது. மொத்த வரியும் இரண்டு பாதிகளின் கூட்டலும் வேறுபட்டால் மட்டும் நில் என்று அதற்கு ஒரு நிபந்தனை போட்டான். அன்றைய பில்களை முழுவதுமாக ஓடவிட்டான்.

நின்றது. 101 ரூபாய்ச் சரக்கு, 5% வரி. மொத்தமாகப் போட்டால் 505 பைசா. பாதியாக்கினால் 252.5. இரண்டு பாதியையும் தனித்தனியே முழுமையாக்கியதில் 253, 253 என்று 506 ஆகியிருந்தது. இடப்பக்கப் பலகத்தில் மூன்று எண்ணும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. டெர்மினலில் பிழை தேட உதவும் ஜிடிபி (gdb) கருவியிலும் நிபந்தனையோடு நிறுத்தலாம், நானே நிறையச் செய்திருக்கிறேன். ஆனால் அதில், நிரலில் எண்களை வைத்திருக்கும் ஒவ்வொரு மாறியையும் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். எதைக் கேட்பது என்று தெரியாதபோது, எல்லாம் கண்முன்னே விரிந்திருப்பதுதான் உதவி. ஒரு பாதியை மட்டும் கணக்கிட்டு, மீதியை மொத்தத்திலிருந்து கழித்து எடுக்கலாமா, அல்லது மொத்தத்தையே இரண்டு பாதியின் கூட்டலாக வைக்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்தோம். அது வேறு கதை.

அப்புறம், பெயர் மாற்றுவது. எங்கள் பழைய சி நிரலில் வரி விகிதத்துக்கும் ரேட், தள்ளுபடி விகிதத்துக்கும் ரேட் (rate) என்றே பெயர். கிரெப் என்ற தேடல் கட்டளையில் தேடினால் ஜெனரேட், செபரேட் எல்லாம் வந்து வரிசையில் நிற்கும். முழுச்சொல்லாகத் தேடினாலும் எது வரி, எது தள்ளுபடி என்று அது சொல்லாது, நாம்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விஎஸ் கோடில் எஃப் 2 அழுத்தினால், அந்த ஒரு மாறியின் பெயர் மட்டும் எல்லாக் கோப்புகளிலும் மாறுகிறது. எடிட்டர் அதை வெறும் எழுத்தாகப் பார்ப்பதில்லை, நிரலாகப் புரிந்துகொள்கிறது. நான் இங்கேயே தங்கிவிட்டதற்கு முதல் காரணம் இதுதான். வண்ணமும் ஐகானும் எனக்குப் பெரிதாகப்படவில்லை.

நியாயமாகப் பார்த்தால், அந்தப் புரிதல் எடிட்டருக்குள் இல்லை. 2016-ல் வந்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற உரையாடல் நெறிதான் அதன் அடிப்படை. சி மொழிக்கு கிளாங்டி என்ற தனி நிரல் பின்னால் ஓடி, எது எங்கே இருக்கிறது என்று எடிட்டருக்குச் சொல்கிறது. விம்மின் கிளையான நியோவிம்மில், 2021-ல் வந்த 0.5 பதிப்பிலிருந்து டெர்மினலிலும் இதே வசதி உள்ளடங்கியே வருகிறது. ஆகவே டெர்மினலை விட்டுவிட மனமில்லாதவர்கள் விட வேண்டியதில்லை. எனக்குத் தமிழும் வேண்டியிருந்தது, அதனால் வந்தேன்.

வரும்போது கைப்பழக்கத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். விம் விசைகளுக்கான நீட்டிப்பை முதல் நாளே போட்டுவிட்டேன். இல்லாவிட்டால் விரல்கள் ஒத்துழைத்திருக்காது. கடைகளில் இருக்கும் பழைய சர்வர்களுக்கு இன்றும் எஸ்எஸ்எச், விஐதான். விஎஸ் கோடை அங்கே தொலைவிலிருந்து இணைத்தால் அந்தப் பக்கமும் ஒரு சர்வர் நிரல் ஓட வேண்டும், 2 ஜிபி நினைவகத்தில் பில்லும் போட்டுக்கொண்டிருக்கும் பெட்டிக்கு அது அதிகம். காலை வியாபார நேரத்தில் அண்ணாச்சி, “பில் நிக்குதும்மா, சட்டுனு பாரு” என்று போன் செய்தால் விஐயில்தான் கை போகிறது. தம்பிக்கு விஐ தெரியாமல் இருந்தது. இப்போது கோப்பைத் திறப்பது, தேடுவது, திருத்துவது, சேமித்து வெளியே வருவது வரைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அடுத்து ஸ்வாப் கோப்பிலிருந்து மீட்பது.