ஸ்மோக்கி பள்ளத்தாக்கில் ஒரு ஸ்வீடிஷ் கல்லூரி

அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக நிறுவிய சிறு கல்லூரிகளின் வரலாறுகளைத் தேடித்தேடி வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவற்றில் கேன்சஸ் மாநிலத்தின் லிண்ட்ஸ்போர்க் என்னும் சிற்றூரில் இருக்கும் பெத்தனி கல்லூரியின் கதை போல என்னைக் கவர்ந்தது வேறில்லை. ஸ்வீடன்காரர்களின் ஊர், ஸ்வீடன்காரர்களின் கல்லூரி என்று அறியப்படும் அந்த இடத்தில், 1882ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அறுபடாமல் கைமாறி வந்திருக்கும் மரபு எது என்று பார்த்தால், அது ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறிய ஹேண்டெல், ஆங்கில வசனங்களுக்கு 1741இல் அமைத்த ‘மெசையா’ என்னும் இசைப்படைப்பு. ஸ்வீடன் நாட்டு இசை அல்ல, ஸ்வீடிஷ் மொழியும் அல்ல. இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லத் தொடங்கினால் கல்லூரியின் தொடக்க வரலாறு முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

1860களின் பிற்பகுதியில் ஸ்வீடனில் அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில், 1862இல் இயற்றப்பட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலத்தை ஏறக்குறைய இலவசமாகவே வழங்கிக்கொண்டிருந்தது. இந்த இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான ஸ்வீடிஷ் குடும்பங்கள் கப்பலேறின. சிகாகோவில் ஏற்கனவே வந்து சேர்ந்திருந்த சிலர் 1868இல் ஒரு விவசாயக் கம்பெனியைத் தொடங்கி, கேன்சஸில் ஸ்மோக்கி ஹில் ஆற்றை ஒட்டி நிலம் வாங்கினார்கள். 1869இல் ஓலோஃப் ஓல்சன் என்னும் இளம் லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழிவந்த சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவு) போதகர், வெர்ம்லண்ட் மாகாணத்தின் சுன்னெமோ பகுதியைச் சேர்ந்த ஒரு கூட்டத்தாரோடு அங்கே வந்து சேர்ந்தார். மரமற்ற புல்வெளியில் மண்ணைத் தோண்டியும் புல்கட்டிகளை அடுக்கியும் அவர்கள் வீடு அமைத்துக்கொண்டார்கள். 1874இல் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து வயல்களைத் தின்று தீர்த்தது.

ஓல்சனும் அவரோடு வந்தவர்களும் லுத்தரன் சபைக்குள் எழுந்த ‘பயட்டிசம்’ என்னும் கிறிஸ்தவப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். மனந்திரும்பியவர்கள் மட்டுமே சபையின் அங்கத்தினராக இருக்க வேண்டும் என்று விரும்பியவர்கள். நடனம், மது, சீட்டாட்டம் ஆகியவற்றை அறவே வெறுத்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும். ஓல்சன் மாநிலச் சட்டமன்றத்திலும் பணியாற்றினார். பிறகு 1876இல், ஸ்வீடிஷ் லுத்தரன்களின் தாய்க் கல்லூரியான ஆகஸ்டானாவில் பேராசிரியராகி இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டுக்குச் சென்றுவிட்டார். ஆகஸ்டானா 1860இல் சிகாகோவில் தொடங்கி, பாக்ஸ்டனுக்கு மாறி, 1875இல் ராக் ஐலண்டில் நிலைபெற்றிருந்தது. பெத்தனி கல்லூரியின் தொடக்க காலத்து ஆட்களில் முக்கியமானவர்கள் பலரும் அங்கிருந்தே வந்தவர்கள்.

அப்படி வந்தவர்களில் முதன்மையானவர் கார்ல் ஆரோன் ஸ்வென்சன். பென்சில்வேனியாவில் 1857இல் ஸ்வீடிஷ் பெற்றோருக்குப் பிறந்த இவர், ஆகஸ்டானாவில் படித்து முடித்து 1879இல் லிண்ட்ஸ்போர்கின் பெத்தனி லுத்தரன் சபைக்குப் போதகராக வந்தபோது வயது இருபத்திரண்டு. ஸ்வீடனைப் பார்த்திராத ஸ்வீடிஷ் போதகர் என்பதால் அவருக்கு முந்தைய தலைமுறையின் ஏக்கம் இருக்கவில்லை என்றும், புதிய நாட்டில் தம் மக்கள் வெறும் கூலிகளாகவும் குடியானவர்களாகவும் நின்றுவிடக் கூடாது என்னும் துடிப்பு மிகுதியாக இருந்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டே மோலீனைச் சேர்ந்த ஆல்மா லிண்டை மணந்தார். கல்லூரியின் வரலாற்றில் கணவருக்கு உள்ள பங்கு எவ்வளவோ அவ்வளவு மனைவிக்கும் உண்டு. ஆனால் கட்டடங்களின் கதையாக வரலாறு எழுதப்படும்போது அவர் பின்னுக்குப் போய்விடுகிறார்.

1881 அக்டோபர் 15ஆம் தேதி பள்ளி தொடங்கியது. கட்டடம் ஏதும் இல்லை. தேவாலயத்தில் போதகர் அங்கி அணிந்துகொள்ளும் வெஸ்ட்ரி அறையே வகுப்பறை. மாணவர் பத்துப் பேர், ஆசிரியர் ஒருவர். ஊர் தோன்றிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதையும், அந்தப் பெற்றோர்களில் பலர் அப்போதும் கடனில்தான் உழுதுகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இருபத்துநான்கு வயதுப் போதகரின் இந்த முயற்சியைத் துணிச்சல் என்பதா அவசரம் என்பதா என்று முடிவு செய்வது கடினம்.

அந்த ஒற்றை ஆசிரியரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை. யோஹான் ஆகஸ்ட் ஊடன் ஸ்வீடனில் 1859இல் பிறந்து, சிறுவனாகப் பெற்றோருடன் மினசோட்டாவுக்கு வந்து, 1881இல்தான் ஆகஸ்டானாவில் பட்டம் பெற்றிருந்தார். லிண்ட்ஸ்போர்கில் ஏழு ஆண்டுகள் பாடம் நடத்திய காலத்தில், ஓய்வு நேரத்தில் அருகிலுள்ள பெயின்ட் கிரீக் ஓடைக்கரையில் பழைய பழங்குடிக் கிராமம் ஒன்றின் மேடுகளைத் தோண்டிப் பார்த்தார். அங்கே எலும்புகளுக்கும் கற்கருவிகளுக்கும் நடுவே இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சங்கிலிக் கவசத்தின் துண்டு ஒன்று கிடைத்தது. 1541இல் தங்க நகரத்தைத் தேடிக்கொண்டு அந்தச் சமவெளிக்கு வந்த ஸ்பானியத் தளபதி கொரோனாடோவின் படையினருடையதாக அது இருக்கலாம் என்னும் எண்ணத்துக்கு அந்தத் துண்டு வலுச் சேர்த்தது. ஊருக்கு வடமேற்கே உள்ள குன்று இன்றும் கொரோனாடோ குன்று என்றே அழைக்கப்படுகிறது. பிற்பாடு ஊடன் ஆகஸ்டானாவுக்குத் திரும்பி, காற்று கொண்டுவந்து குவிக்கும் மணலையும் தூசியையும் ஆராய்ந்து, துகள்களை அளவு வாரியாகப் பிரிப்பதற்கு ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் இருமடங்காக அமையும் ஓர் அளவுமுறையை 1898இல் வெளியிட்டார். வென்ட்வொர்த் என்னும் நிலவியலாளர் 1922இல் அதைத் திருத்தி விரித்தார். உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஊடன்–வென்ட்வொர்த் அளவுகோல் அதுவே. கடைசியில் டெக்சஸ் மாநில நிலவியல் துறையின் இயக்குநராகி, அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பாலை நிலத்தில் எண்ணெய் இருக்கக்கூடும் என்று எழுதினார். 1923இல் அந்த நிலத்தில் எண்ணெய் பொங்கியது. வெஸ்ட்ரி அறையில் தொடங்கிய பள்ளிக்கு முதல் ஆசிரியராக வாய்த்தவர் இப்படிப்பட்டவர்.

இனி இசைக்கு வருகிறேன். 1879இல் ஐரோப்பியப் பயணம் சென்ற ஓல்சன், லண்டனின் எக்ஸெட்டர் மண்டபத்தில் ‘மெசையா’வைக் கேட்டார். அதில் வருவன எல்லாம் விவிலிய வசனங்கள். ஏசாயாவும் சங்கீதங்களும் சுவிசேஷங்களும் அவருக்கு மனப்பாடம். நாடகத்தையும் கேளிக்கையையும் ஐயத்தோடு பார்த்த ஒரு பக்தி இயக்கத்துப் போதகர் மனத்தடை இல்லாமல் முழுதாகத் தம்மை ஒப்புக்கொடுக்கக்கூடிய பேரிசை அது ஒன்றுதான் என்பதே என் கணிப்பு. ராக் ஐலண்டுக்குத் திரும்பியவர் அங்கே அதைப் பாடுவதற்கு ஒரு சங்கத்தை உருவாக்கத் தூண்டுதலாக இருந்தார். அவருடைய மாணவரான ஸ்வென்சனுக்கும் ஆல்மாவுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

பள்ளி தொடங்கிய அதே குளிர்காலத்தில் ஆல்மா ஸ்வென்சன் ஊராரைக் கூட்டிப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். வந்தவர்கள் விவசாயிகள், கடைக்காரர்கள், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள். பலருக்கு ஆங்கிலம் பேசவே வராது. இசைக்குறிப்பை வாசிக்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு குரலின் பகுதியையும் தனித்தனியாகப் பாடிக்காட்டி, கேட்டுத் திரும்பப் பாடவைத்து, பிறகு நான்கையும் இணைக்க வேண்டும். ஹேண்டெலின் நீண்ட ஓட்டங்களில் ஒரே ஓர் உயிரெழுத்தைப் பல தாளங்களுக்கு இழுத்துச் செல்லும் இடங்கள் பழகிய பாடகர்களுக்கே மூச்சு முட்டவைப்பவை. பகலெல்லாம் வேலை செய்தவர்கள் இரவில் குளிரில் வண்டி கட்டிக்கொண்டு வந்து இதைக் கற்றார்கள். 1882 மார்ச் 28ஆம் தேதி பெத்தனி தேவாலயத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. வாத்தியக்காரர்கள் ஆகஸ்டானாவிலிருந்து வந்தார்கள். சோப்ரானோ எனப்படும் உச்சப் பெண்குரலுக்கான தனிப்பாடல்களை ஆல்மாவே பாடினார். அதன்பின் குழு அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் சென்று பாடியது. வசூலான பணம் பள்ளிக்குப் போனது.

கல்லூரியின் தன்மையைத் தீர்மானித்தது இந்த நிகழ்வுதான் என்று நான் கருதுகிறேன். பள்ளியிடம் சொந்தக் கட்டடம் இல்லாதபோதே, நூலகம் இல்லாதபோதே, பாடகர் குழு இருந்தது. அந்தக் குழுவில் மாணவரும் ஊராரும் கலந்தே நின்றார்கள். வேறு இடங்களில் கல்லூரியைச் சுற்றி ஊர் வளரும், அல்லது ஊர் கல்லூரிக்கு நன்கொடை தரும். இங்கே இரண்டும் ஒரே வரிசையில் நின்று ஒரே பாட்டைப் பாடின.

வளர்ச்சி வேகமாக நடந்தது. 1882 முதல் 1889 வரை எட்வர்ட் நெலாண்டர் தலைவராக இருந்தார்; பிறகு ஸ்வென்சனே அப்பொறுப்பை ஏற்று இறக்கும்வரை வகித்தார். 1887இல் பெரிய முதன்மைக் கட்டடம் எழுந்தது (அது 1968இல் இடிக்கப்பட்டது). 1890களில், ஸ்வீடிஷ் உடற்பயிற்சி முறையின் தந்தை எனப்படும் லிங்கின் பெயரால் பெரியதோர் அரங்கம் அமைந்தது. உடற்பயிற்சிக்கும் ‘மெசையா’வுக்கும் அதுவே இடம். ஸ்வென்சன் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார், நூல்கள் எழுதினார், ஓயாமல் நிதி திரட்டினார், ஓயாமல் செலவும் செய்தார்.

அவர் எழுதிய ‘ஈ ஸ்வெரியே’ என்னும் ஸ்வீடன் பயணநூலை ஸ்வீடனில் வாசித்த ஓர் இளம் ஓவியர் அவருக்குக் கடிதம் எழுதி வேலை கேட்டார். ஸ்டாக்ஹோமில் ஆண்டர்ஸ் சோர்ன் என்னும் ஓவியரிடமும் பின்னர் பாரிஸிலும் பயின்ற பிர்யெர் சாண்ட்சேன்தான் அவர். 1894இல் வந்தபோது இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகும் எண்ணம். இருந்ததோ ஓய்வு பெற்ற 1946 வரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள், அதன் பிறகும் 1954இல் மறையும்வரை அதே ஊரில். ஓவியத்தோடு மொழிகளும் கற்பித்தார். ‘மெசையா’ குழுவில் டெனார் எனப்படும் உயர் ஆண்குரலில் பாடினார். வண்ணத்தைக் கத்தியால் அப்பியது போலத் தடித்த தீற்றல்களில், ஸ்மோக்கி ஹில் ஆற்றங்கரை மரங்களை ஊதாவும் ஆரஞ்சுமாக அவர் தீட்டியவற்றை அச்சில் பார்ப்பதில் பாதிப் பயனே உண்டு. கல்லூரி வளாகத்தில் 1957இல் திறக்கப்பட்ட அவர் பெயரிலான கலைக்கூடம் இவற்றுக்கென்றே அமைந்தது.

பக்தியும் கலையுமாகவே இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1900களின் தொடக்கத்தில் பெனி ஓவனின் பயிற்சியில் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்துக் குழு பெரிய பல்கலைக்கழகங்களையும் வீழ்த்தி, ‘பயங்கர ஸ்வீடன்காரர்கள்’ என்று பேரெடுத்தது. மாணவர்கள் மைதானத்தில் எழுப்பிய கூச்சல், ‘ரோக்கார், ஸ்தோக்கார், தூர் ஓ ஹான்ஸ் போக்கார்’ என்று தொடங்கும். இடிக்கடவுள் தோரும் அவனுடைய ஆட்டுக்கிடாய்களும் வந்து எதிரியை முட்டித் தள்ளுமாறு வேண்டிவிட்டு, கடைசியில் ‘பெத்தானியா’ என்று முடியும். போதகர்களை உருவாக்கப் பிறந்த சபையின் கல்லூரியில், ஆட்டம் என்று வந்துவிட்டால் பழைய கடவுளைக் கூப்பிடுவதில் யாருக்கும் சங்கடமில்லை போலும்.

1904 பிப்ரவரியில் ஸ்வென்சன் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார், வயது நாற்பத்தாறு. அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக, ஃபெர்டினாண்ட் போபெரி வடிவமைத்த ஸ்வீடன் நாட்டு அரங்கம், ஸ்வீடனில் மரத்தால் செய்யப்பட்டுக் கப்பலில் வந்து பொருத்தப்பட்டிருந்தது. ஸ்வீடனில் அமெரிக்கத் தூதராக இருந்த டபிள்யூ. டபிள்யூ. தாமஸ் கண்காட்சி முடிந்ததும் அதை வாங்கி, ஸ்வென்சனின் நினைவாகக் கல்லூரிக்குக் கொடுத்தார். அது பிரிக்கப்பட்டு, ரயிலில் ஏற்றப்பட்டு, வளாகத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு, ஓவியத் துறையின் இடமாகப் பல்லாண்டுகள் இருந்தது. 1969இல் ஊரின் பழைய மாவுமில் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. 1976இல் மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ் நேரில் வந்து அதை மறுபடி அர்ப்பணித்தார்.

இன்று மரபு என்று காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை தாமதமாக வந்தவை. தெருவெங்கும் நிற்கும் வண்ணக் குதிரைப் பொம்மைகள் டாலர்னா மாகாணத்தின் கைவினை; ஓல்சனின் மக்களோ வெர்ம்லண்ட்காரர்கள். முன்னோரைப் போற்றும் ‘ஹில்னிங்ஸ்ஃபெஸ்ட்’ விழா 1941இல்தான் தொடங்கியது. அதில் ஆடப்படும் நாட்டுப்புற நடனங்களை அந்த முன்னோர் பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மொழி போன பிறகு, அதாவது 1920களில் சபைகள் ஆங்கிலத்துக்கு மாறிய பிறகு, கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

பாட்டுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. அது முதலிலிருந்தே ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஸ்வீடனிலிருந்து வந்த ஹாக்பார்ட் பிராசே 1915 முதல் 1946 வரை குழுவை நடத்தினார். முதல் உலகப்போரின்போது 1918இல் கேம்ப் ஃபன்ஸ்டன் படைமுகாமுக்குச் சென்று சிப்பாய்களுக்காகப் பாடினார்கள். பின்னர் பெரிய வெள்ளியன்று ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ பாடுவதும் சேர்ந்துகொண்டது. ஸ்வீடிஷ் லுத்தரன் சபைகளின் கூட்டமைப்பான ஆகஸ்டானா சினாடு 1962இல் வேறு லுத்தரன் சபைகளோடு இணைந்து மறைந்தது. நியூ ஜெர்சியில் இருந்த உப்சாலா என்னும் சகோதரக் கல்லூரி 1995இல் மூடப்பட்டது. பெத்தனி இன்றும் சிறிய கல்லூரிதான். அங்கே போக வாய்ப்புள்ளவர்கள், ஒற்றைப்படை ஆண்டுகளின் அக்டோபரில் நடக்கும் ஹில்னிங்ஸ்ஃபெஸ்டுக்குப் போவதைவிட, ‘மெசையா’ பாடப்படும் ஈஸ்டரை ஒட்டிய பரிசுத்த வாரத்தில் போவதே நல்லது என்பேன். குழுவில் பாடுவோரில் மாணவர்களும் இருப்பார்கள், ஊர்க்காரர்களும் இருப்பார்கள். அவர்கள் ஸ்வீடிஷ் வம்சமாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.