எம்மி காலை ஷிஃப்ட்

நாளிதழின் பொழுதுபோக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்கான எம்மி விருது என் தலையில்தான் விழும். லாஸ் ஏஞ்சலஸில் ஞாயிறு மாலை விழா தொடங்கும்போது சென்னையில் திங்கள் காலை ஐந்தரை. அந்நேரத்துக்கு ஆபீஸ் வர வேறு யாரும் தயாரில்லை. நகைச்சுவைத் தொடர் நாயகிக்கான விருது, பட்டியலில் ஒரு வரியாகப் போய்விடும். எனக்கோ விழாவே அதுதான்.

காரணம் 2011. பரிந்துரையில் இருந்த ஆறு பேரில் முதலாவதாக ஏமி போலரின் பெயரை வாசித்ததும், அவர் நேரே மேடையேறிவிட்டார். அடுத்த பெயர் வர, அவரும் பின்னாலேயே. கடைசியில் ஆறு பேரும் அழகிப் போட்டியின் இறுதிச் சுற்றுபோலக் கைகோத்து, பதற்றத்தில் தவிப்பதாக நடித்துக்கொண்டு நின்றார்கள். மெலிசா மெக்கார்த்தி ஜெயித்ததும் தலையில் கிரீடம், கையில் ரோஜாக்கள்! தோற்றவர்கள் கேமராவுக்காகப் பொய்ச்சிரிப்பு சிரிக்கும் அந்தக் கொடுமையான நொடியையே காமெடியாக்கிவிட்டார்கள்.

2012 முதல் 2017 வரை, அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக நடித்த 'வீப்' தொடருக்காக ஜூலியா லூயி-டிரைஃபஸ் வரிசையாக ஆறு முறை வாங்கினார். "போன வருஷ மேட்டர்ல தேதியை மாத்திடுப்பா" என்பார் எங்கள் சீஃப் சப் எடிட்டர். கேண்டிஸ் பெர்கன் 'மர்ஃபி பிரவுன்' தொடருக்கு ஐந்தாவது விருதோடு போதும் என்று தானே ஒதுங்கிக்கொண்டாரே, இவரும் ஒதுங்கலாமே என்று விவாதம் நடக்கும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாக்காளரைப் பார்த்து இனிக்க இனிக்கச் சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்புவதற்குள் அதே வாயில் வசவு வருமே, அதை வேறு யார் செய்வார்கள்? 2016இல் மேடையேறியவர், அரசியல் நையாண்டியாகத் தொடங்கிய எங்கள் தொடர் இப்போது ஆவணப்படம் மாதிரி ஆகிவிட்டது என்று அரங்கைச் சிரிக்கவைத்தார். அப்புறம் கை நடுங்க, இரண்டு நாள் முன்பு இறந்த அப்பாவுக்கு விருதைச் சமர்ப்பித்தார். அந்த வருஷம் பழைய மேட்டர் உதவவில்லை.

ஒருவருக்கே இத்தனை தடவை போன விருது சிலரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1981இல் 'தி ஜெஃபர்சன்ஸ்' இசபெல் சான்ஃபோர்டு வாங்கியதற்குப் பிறகு, இன்னொரு கறுப்பினப் பெண்ணுக்கு அது கிடைத்தது 2024 ஜனவரியில்தான். 'அபட் எலிமென்டரி'யை உருவாக்கி நடித்த குவிண்டா புருன்சன். ஹாலிவுட் வேலைநிறுத்தத்தால் தள்ளிப்போன விழா அது. நமக்கு மாட்டுப் பொங்கல் காலை. ஆபீஸில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். அவர் படத்தை நான் பெரிதாக வைத்தபோது ஏனென்று கேட்க ஆளில்லை.

என் வழக்கமான சண்டை வேறு. அரை மணி நேரத் தொடர் என்றாலே பெரும்பாலும் நகைச்சுவைப் பிரிவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2010இல் 'நர்ஸ் ஜாக்கி'க்காக ஜெயித்த ஈடி ஃபால்கோ, எனக்குக் காமெடியே வராதே என்று மேடையிலேயே சொன்னார். 'தி பேர்' தொடரில் சமையலறையில் ஆளாளுக்குக் கத்திக் குமுறுகிறார்கள். எனக்கு ஒரு தடவைகூட வாய்விட்டுச் சிரிப்பு வரவில்லை. நல்ல தொடர்தான், யார் இல்லை என்றது? அதற்காகச் சிரிக்கவைக்க மெனக்கெடுகிறவர்களின் தட்டிலா கைவைப்பது? 2024 செப்டம்பரில், வயதான மேடை நகைச்சுவைக் கலைஞராக 'ஹேக்ஸ்' தொடரில் நடித்த ஜீன் ஸ்மார்ட், 'தி பேர்' நாயகி ஆயோ எடெபிரியைத் தாண்டி ஜெயித்தபோது ஆபீஸ் என்றும் பாராமல் கைதட்டிவிட்டேன்.